ரவுட்டரில் யூஎஸ்பி டிரைவ் செருகி வீட்டில் எல்லாரும் பயன்படுத்துவது எப்படி

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் எடுத்த வீடியோ தம்பியின் கைப்பேசியில் இருக்கும். அக்கா கல்யாண ஆல்பம் பழைய லேப்டாப்பில் இருக்கும். அம்மா கேட்கும் பாட்டெல்லாம் எங்கோ ஒரு பென்டிரைவில் இருக்கும், அதுவும் யாருடைய பையில் என்று தெரியாது. ரவுட்டரின் பின்னால் ஒரு யூஎஸ்பி ஓட்டை இருந்தால் இவை எல்லாவற்றையும் ஒரே டிரைவில் போட்டு அங்கே செருகிவிடலாம். டிவி, லேப்டாப், கைப்பேசி எல்லாம் வைஃபை வழியாகவே எடுத்துக்கொள்ளும். மாதக் கட்டணம் இல்லை. இணையம் அறுந்து கிடக்கும் நாளிலும் வேலை செய்யும், ஏனென்றால் எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது.

ரவுட்டர் பெட்டியில் வரும் தாளைப் பார்த்தால் இது ஐந்து நிமிட வேலை. செருகு, திற, பயன்படுத்து. நடுவில் என்னென்ன மாட்டும் என்பதை அந்தத் தாள் சொல்வதில்லை. கோலாலம்பூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்து முடிக்க நான் பட்ட பாட்டை நீங்கள் பட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

1. எதையும் வாங்காதீர்கள், முதலில் ரவுட்டரைப் புரட்டிப் பாருங்கள்

ஃபைபர் லைன் உள்ள பல வீடுகளில் இரண்டு பெட்டிகள் இருக்கும். சுவரிலிருந்து மெல்லிய ஃபைபர் வயர் வந்து சேரும் பெட்டி ஒன்று. வைஃபை தரும் ரவுட்டர் இன்னொன்று. நமக்கு வேண்டியது ரவுட்டர். புதிய இணைப்புகள் சிலவற்றில் இரண்டும் ஒரே பெட்டியாகவே வரும்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாடல் எண், வி1, வி2 என்று போட்டிருக்கும் வெர்ஷன், உள்ளே நுழைவதற்கான முகவரி, பாஸ்வர்டு எல்லாம் அதில்தான் இருக்கும். வெர்ஷனை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரே மாடல் பெயரில் ஒரு வெர்ஷனுக்கு யூஎஸ்பி இருக்கும், அடுத்ததற்கு இருக்காது.

ஓட்டை இருப்பதாலேயே டிரைவ் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. சில ரவுட்டர்களில் அது 4ஜி டாங்கிள் (சிம் போட்டு இணையம் எடுக்கும் சிறு கருவி) செருக மட்டும். இணைய நிறுவனங்கள் கொடுக்கும் ரவுட்டர்கள் சிலவற்றில் ஓட்டை இருக்கும், ஆனால் மெனுவில் அந்தப் பகுதியையே மறைத்திருப்பார்கள். அதனால் உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள். வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலும் திறக்கும். அட்வான்ஸ்ட் என்ற பகுதிக்குள் யூஎஸ்பி ஷேரிங், ஸ்டோரேஜ் ஷேரிங், சம்பா, நெட்வொர்க் நேபர்ஹுட் என்ற சொற்களில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் வேலை ஆகும். ஏசூஸ் ரவுட்டர்களில் யூஎஸ்பி அப்ளிகேஷன் என்று தனி மெனுவே இருக்கும்.

வாடகை வீட்டில், அல்லது ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரவுட்டர் ஓனருடையது என்றால் பாஸ்வர்டை அவரிடமே கேளுங்கள். பாஸ்வர்டு தெரியவில்லை என்று பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டையில் ஊசியைக் குத்தாதீர்கள். லைனின் பயனர் பெயரும் பாஸ்வர்டும் உள்ளே பதிந்திருந்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். அப்புறம் வீடு முழுக்க இணையம் இருக்காது, ஹவுஸ்மேட்களுக்குப் பதில் சொல்லி மாளாது.

2. ரவுட்டர் மாற்ற வேண்டியிருந்தால்

உங்களுடையதில் வசதி இல்லை என்றால் யூஎஸ்பி உள்ள ரவுட்டரைச் சுமார் 200 முதல் 400 வெள்ளிக்குள் (ரிங்கிட்) வாங்கலாம். லோ யாட் பிளாசாவில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் விலை புரிந்துவிடும். பினாங்கில் இருப்பவர்கள் கொம்தார் பக்கம் விசாரிக்கலாம். ‘யூஎஸ்பி இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டால் கடையில் ‘இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். ‘ஹார்ட் டிஸ்க் ஷேர் பண்ண முடியுமா, எஸ்எம்பி 2 அல்லது 3 உண்டா’ என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வெளியே வந்து, தயாரிப்பாளரின் பக்கத்தில் பார்த்துவிட்டுத் திரும்பிப் போங்கள். எஸ்எம்பி என்பது வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் பேச்சுமுறை, எண் அதன் பதிப்பு. இந்த விஷயம் ஆறாவது படியில் ரொம்ப முக்கியம்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியில் சிரிம் சான்றளிப்பைக் காட்டும் எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு ஆணையம்) முத்திரை இருக்கிறதா, அடாப்டர் நம் ஊர் மூன்று முள் பிளக்தானா என்று பாருங்கள். வேறு நாட்டுக்கான சரக்கு மலிவாகத்தான் தெரியும். பழுதானால் உள்ளூர் வாரண்டி கிடைக்காது.

புது ரவுட்டர் மாட்டுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: லைனின் பயனர் பெயர், பாஸ்வர்டு, விலேன் எண் (ஒரே லைனில் இணையத்தையும் டிவியையும் பிரித்துக் காட்டும் எண்). டெலிகாம் மலேசியாவின் யூனிஃபை லைனில் இணையத்துக்கான விலேன் 500, டிவி பெட்டிக்கு 600. மற்ற நிறுவனங்களுக்கு எண் வேறு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாஸ்வர்டு தொலைந்திருந்தால் வாடிக்கையாளர் சேவைக்கு அழைக்க வேண்டும். லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் கணக்கு எண்ணையும் கேட்பார்கள். லைன் அப்பா பெயரில் இருந்தால் அப்பா பக்கத்தில் இருக்கும்போது அழையுங்கள். இதை வெள்ளிக்கிழமை இரவு தொடங்காமல், வேலை நாளில் பகலில் வைத்துக்கொள்வது நல்லது.

பழைய ரவுட்டரை அப்படியே விட்டுவிட்டுப் புதியதை அதன் பின்னால் மாட்டுவதுதான் பலரும் விழும் குழி. அப்போது வீட்டில் இரண்டு வலையமைப்புகள் உருவாகிவிடும். டிவி பழைய ரவுட்டரின் வைஃபையில் இருக்கும், டிரைவ் புதிய ரவுட்டரில் இருக்கும், ஒன்று மற்றொன்றைப் பார்க்காது. எல்லாவற்றையும் புதிய ரவுட்டரின் வைஃபைக்கு மாற்றுங்கள், அல்லது பழையதில் வைஃபையை அணைத்துவிட்டு அதை பிரிட்ஜ் முறையில் (லைனை அப்படியே கடத்திவிட மட்டும் செய்யும் முறை) போடுங்கள். புதியதை ஆக்சஸ் பாயிண்ட் முறையில் (வைஃபை பரப்ப மட்டும் செய்யும் முறை) போடுவதும் ஒரு வழிதான். ஆனால் சில மாடல்களில் அந்த முறைக்கு மாறியதும் யூஎஸ்பி வசதி காணாமல் போய்விடும்.

3. டிரைவ்: அளவைவிட மின்சாரம் முக்கியம்

முதல் முயற்சிக்கு வீட்டில் கிடக்கும் பென்டிரைவே போதும். எல்லாம் ஓடுகிறது என்று உறுதியான பிறகு பெரிய டிரைவ் வாங்குங்கள். நிரந்தரமாக ஓட விடுவதற்குப் பென்டிரைவ் ஏற்றதல்ல, சூடாகிச் சீக்கிரம் கெட்டுப்போகும்.

கையடக்க ஹார்ட் டிஸ்க் தனியாக அடாப்டர் இல்லாமல் ரவுட்டரிலிருந்தே மின்சாரம் எடுக்கும். யூஎஸ்பி 2.0 ஓட்டை தர வேண்டிய அளவு 0.5 ஆம்பியர், 3.0 என்றால் 0.9. டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் இதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். டிக் டிக் என்று சத்தம் வந்து நின்றாலோ, ரவுட்டர் தானாக அணைந்து எழுந்தாலோ, டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மின்சாரம் போதாமல் இருக்கலாம். சொந்த அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எஸ்எஸ்டி டிரைவில் சுழலும் பாகம் இல்லாததால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் விலை கூடுதல். மேசையில் வைக்கும் பெரிய ஹார்ட் டிஸ்க் தன் அடாப்டரோடு வரும், அதற்கு இந்தக் கவலையே இல்லை.

அடுத்து ஃபார்மட், அதாவது டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை. ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரே கோப்பை அது ஏற்காது, கல்யாண வீடியோ பாதியில் நிற்கும். எக்ஸ்ஃபேட்டைச் சில ரவுட்டர்கள் படிக்கும், சில படிக்காது. என்டிஎஃப்எஸ் போட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ‘வீட்டில் மேக் இருக்கிறதே, அது என்டிஎஃப்எஸ் டிரைவில் எழுதாதே’ என்று ஒருவர் கேட்டார். நேரடியாகச் செருகினால்தான் அந்தத் தடை. இங்கே டிரைவில் எழுதுவது ரவுட்டர். மேக் ரவுட்டரோடு மட்டும்தான் பேசுகிறது, அதனால் டிரைவ் என்ன ஃபார்மட்டில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியவே தேவையில்லை.

ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது முழுக்க அழியும். வேறு இடத்தில் பிரதி எடுத்த பிறகு செய்யுங்கள்.

4. பெரிய கோப்புகளை ரவுட்டர் வழியாக ஏற்றாதீர்கள்

ரவுட்டருக்குள் இருக்கும் சிப் சிறியது. யூஎஸ்பி 3.0 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் மலிவு ரவுட்டர் விநாடிக்கு 10 எம்பிதான் எழுதும் என்று வைத்துக்கொண்டால், 100 ஜிபி ஏற்ற மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதே டிரைவை லேப்டாப்பில் நேராகச் செருகினால் பல மடங்கு வேகமாக முடிந்துவிடும். முதல் ஏற்றத்தை அப்படியே செய்துவிட்டு, அப்புறம் ரவுட்டருக்குக் கொண்டுபோங்கள்.

பார்ப்பதற்கு இந்த வேகம் தாராளம். சாதாரண எச்டி படத்துக்கு விநாடிக்கு ஒரு எம்பி இருந்தாலே ஓடும். மிகப் பெரிய 4கே கோப்புகள் மட்டும் திணறலாம்.

ஏற்றும்போதே இரண்டு ஃபோல்டர் போட்டுவிடுங்கள், ஒன்று ‘டிவி’, மற்றொன்று ‘வீடு’. படம், பாட்டு, வீடியோ முதலாவதில், மற்றவை இரண்டாவதில். காரணம் ஏழாவது படியில் வருகிறது.

5. ரவுட்டருக்குள் செய்ய வேண்டியவை

டிரைவைச் செருகி ஒரு நிமிடம் பொறுங்கள். யூஎஸ்பி விளக்கு எரிந்ததும் அமைப்புப் பக்கத்துக்குள் போங்கள். டிரைவின் பெயரும் கொள்ளளவும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் முதலில் ஃபார்மட்டைச் சந்தேகியுங்கள், பிறகு மின்சாரத்தை.

வேறெதையும் தொடும் முன் ஃபர்ம்வேரை (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளை) புதுப்பித்துவிடுங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வர்டு இன்னும் அடியில் ஒட்டியிருப்பதாகவே இருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். பிறகு நெட்வொர்க் நேபர்ஹுட் அல்லது சம்பா என்பதை ஆன் செய்து, பாஸ்வர்டு கேட்கும்படி வையுங்கள். அதற்கான பொத்தான் ஆதன்டிகேஷன் அல்லது செக்யூர் ஷேரிங் என்ற பெயரில் இருக்கும். ஏசூஸில் கெஸ்ட் லாகினை அணைத்துவிட வேண்டும். எஸ்எம்பி வெர்ஷனைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால் 2 அல்லது அதற்கு மேல்.

‘நம் வீடுதானே, பாஸ்வர்டு எதற்கு’ என்று விடாதீர்கள். பாதுகாப்பை விடுங்கள், பாஸ்வர்டு இல்லாவிட்டால் புதிய விண்டோஸ் வகைகள் சில உள்ளேயே விடாது.

6. விண்டோஸ் லேப்டாப்: நேரம் போவது இங்கேதான்

ஃபைல் எக்ஸ்புளோரரில் நெட்வொர்க் என்ற இடத்தில் ரவுட்டர் தெரியும் என்று காத்திருக்க வேண்டாம். பல நேரம் தெரியாது, தெரியாமலே எல்லாம் வேலை செய்யும். மேலே உள்ள முகவரிப் பட்டையில் நேராக \\192.168.0.1 என்று அடித்து என்டர் தட்டுங்கள். உங்கள் ரவுட்டரின் எண் எதுவோ அது. ரவுட்டரின் சொந்த முகவரி என்பதால் இது மாறிக்கொண்டே இருக்காது.

பெயரும் பாஸ்வர்டும் கேட்கும். இங்கே மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சலை அடிப்பார்கள், வைஃபை பாஸ்வர்டை அடிப்பார்கள். இரண்டும் இல்லை. ரவுட்டரில் ஷேரிங்குக்கு வைத்த பெயரும் பாஸ்வர்டும்தான். தனியாக வைக்கவில்லை என்றால் பல ரவுட்டர்களில் நிர்வாகப் பெயரும் பாஸ்வர்டுமே. ஒரு தடவை தவறாகச் சேமித்துவிட்டால் விண்டோஸ் அதையே பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப மறுக்கும். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜருக்குள் போய் அந்த முகவரியின் பதிவை நீக்கி, லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

‘உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் நுழைவைத் தடுக்கிறது’ என்ற பொருளில் ஒரு செய்தி வரலாம். வீட்டில் ஏது நிறுவனம்! அதன் அர்த்தம், ரவுட்டர் பாஸ்வர்டு இல்லாமல் உள்ளே விடப் பார்க்கிறது, விண்டோஸ் அதை ஏற்கவில்லை. ஐந்தாவது படியில் சொன்ன பாஸ்வர்டை ஆன் செய்தால் போதும். இணையத்தில் தேடினால் விண்டோஸின் பாதுகாப்பைத் தளர்த்தும் வழியைத்தான் பத்துப் பேர் சொல்வார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பழைய ரவுட்டர்கள் எஸ்எம்பி 1 மட்டுமே பேசும். 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து அது புதிய நிறுவல்களில் இயல்பாக வருவதில்லை. அதே ஆண்டு மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை பரவியது அந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். அதை விண்டோஸில் மீண்டும் ஆன் செய்ய வழி இருக்கிறது. செய்யாதீர்கள் என்பதுதான் என் கருத்து. இருபது முப்பது வெள்ளி பென்டிரைவைப் பகிர்வதற்காக வங்கிக் கணக்குப் பார்க்கும் லேப்டாப்பைத் திறந்து வைப்பது நியாயமான கணக்கு இல்லை. ஃபர்ம்வேர் புதுப்பித்தும் 2 வரவில்லை என்றால் அந்த ரவுட்டரில் இந்த முயற்சியை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் ப்ரோ வகை, எஸ்எம்பி சைனிங் என்ற கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாகக் கேட்கிறது. ஹோம் வகை கேட்பதில்லை. ஒரே வீட்டில் மகளின் ஹோம் லேப்டாப்பில் திறந்து, அலுவலகம் கொடுத்த ப்ரோ லேப்டாப்பில் திறக்காமல் போனால் டிரைவைக் குற்றம் சொல்ல வேண்டாம். அலுவலக லேப்டாப்பில் எதையும் மாற்றாமல் விடுவதே மரியாதை.

திறந்துவிட்டதா? சரி, ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து மேப் நெட்வொர்க் டிரைவ் கொடுத்தால் இனி மற்ற டிரைவ்களோடு அதுவும் நிற்கும்.

7. மேக், கைப்பேசி, டிவி

மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்டையும் கே எழுத்தையும் சேர்த்து அழுத்தி ரவுட்டர் எண்ணைக் கொடுங்கள். ஐபோனில் ஃபைல்ஸ் செயலியில் மூன்று புள்ளியைத் தொட்டால் கனெக்ட் டு சர்வர் வரும். ஆண்ட்ராய்டில் சிஎக்ஸ் ஃபைல் எக்ஸ்புளோரர் போன்ற ஒன்று வேண்டும், படம் பார்க்க மட்டும் என்றால் விஎல்சியே போதும்.

டிவிக்கு ரவுட்டரில் மீடியா சர்வரை ஆன் செய்யுங்கள். டிவியில் சோர்ஸ் பட்டனை அழுத்தினால் எச்டிஎம்ஐ வரிசையோடு ரவுட்டரின் பெயரும் வரும். படங்கள் நிறைய இருந்தால் பட்டியல் தயாராக நேரமாகும். காலியாகத் தெரிந்தால் சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள். சில வகை வீடியோவை டிவி ஏற்காது. ஆண்ட்ராய்டு டிவி என்றால் அதிலும் விஎல்சி போட்டுவிடலாம். தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 ஆகச் சேமித்துப் பாருங்கள். டிவியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் அதுவும் உதவாது, விஎல்சிதான் வழி.

மீடியா சர்வருக்குப் பாஸ்வர்டு கிடையாது. உங்கள் வைஃபையில் இருக்கும் எவரும் அதில் உள்ளதைப் பார்க்கலாம். அதனால்தான் இரண்டு ஃபோல்டர். மீடியா சர்வருக்கு ‘டிவி’ ஃபோல்டரை மட்டும் காட்டுங்கள். ஐசி ஸ்கேன், பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு எதுவும் அதற்குள் போகக் கூடாது. உள்ளபடியே சொன்னால் அவை இந்த டிரைவிலேயே இருக்கத் தேவையில்லை.

தீபாவளித் திறந்த இல்லத்துக்கு வருகிறவர்கள் வைஃபை கேட்பார்கள், கொடுக்காமலும் இருக்க முடியாது. கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றை உருவாக்கி அதன் பாஸ்வர்டைக் கொடுங்கள். அதிலிருந்து டிரைவ் தெரியாது. உங்கள் சொந்தக் கைப்பேசியில் டிரைவ் தெரியவில்லை என்றால், அதுவும் தவறுதலாக கெஸ்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

8. ஆன் செய்யக் கூடாத ஒன்று

அதே பக்கத்தில் எஃப்டிபி வயா இன்டர்நெட், ரிமோட் ஆக்சஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும். வெளியூரில் இருந்தும் பார்க்கலாமே என்று ஆசை வரும். எஃப்டிபி என்பது கோப்பு அனுப்பும் பழைய முறை, அதில் பாஸ்வர்டு மறைக்கப்படாமல் அப்படியே போகும், திறந்திருக்கும் முகவரிகளைத் தேடும் நிரல்கள் இணையத்தில் இரவு பகலாக ஓடுகின்றன. அது அணைந்தே இருக்கட்டும். ஈப்போவில் இருக்கும் அத்தைக்குப் படம் அனுப்ப வாட்ஸ்அப் இருக்கிறது.

9. ஓடத் தொடங்கிய பிறகு

டிரைவ் செருகியதிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் விட்டு விட்டு வருகிறதா? யூஎஸ்பி 3.0 கிளப்பும் அலை இரைச்சல் அதே வரிசையில் விழுகிறது, அதனால்தான். நல்ல கவசமுள்ள கேபிளாகப் போட்டு டிரைவை ரவுட்டரின் ஆண்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள், அல்லது அமைப்பில் யூஎஸ்பி 2.0 ஆகக் குறையுங்கள். வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

டிரைவைப் பிடுங்கும் முன் ரவுட்டர் பக்கத்தில் சேஃப்லி ரிமூவ் கொடுங்கள். யாராவது எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் இழுத்தால் அல்லது கரண்ட் டிரிப் ஆனால் கோப்புகள் சிதையலாம். லேப்டாப்பில் செருகி எரர் செக்கிங் ஓட்டினால் பெரும்பாலும் மீளும். மீளாததும் உண்டு. அதனால் இந்த டிரைவில் இருப்பது மட்டுமே ஒரே பிரதியாக இருக்கக் கூடாது. இன்னொரு டிரைவ் வாங்கி மாதம் ஒருமுறை நகலெடுத்து அலமாரியில் வையுங்கள். இரண்டு டிரைவையும் சேர்த்துத்தான் செலவுக் கணக்குப் போட வேண்டும்.

மாலையில் இடி கட்டும்போது ரவுட்டர், ஹப், டிரைவ் மூன்றின் அடாப்டரையும் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, அது மின்னலைக் கொண்டுவராது. மின்சார வயர் கொண்டுவரும். மூன்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகி வைத்திருந்தால் ஒரே பிளக்கைப் பிடுங்கினால் போதும்.